வேகமான லைட் ஆர்ட்டி: அந்த வேகம் உண்மையில எதுக்கு?

வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ்ங்கிற டாங்க் சண்டை கேம்ல ஆர்ட்டி (தூரத்துலருந்து சுடுற பீரங்கி வண்டி) லைன் எடுத்து ஏறுறவங்க நிறைய பேர் டியர் 6 (ஆறாவது லெவல்) வந்ததும் குழம்பிப் போறாங்க. பிரிட்டிஷ் பக்கம் போனா எஃப்வி 304, பிரெஞ்சு பக்கம் போனா ஏஎம்எக்ஸ் 13 எஃப்3, அதுக்கு மேல லொரேன் 155 ரெண்டு, கடைசில பேட்சாட்னு எல்லாரும் கூப்பிடுற 155 55, 155 58. எல்லாமே லைட் டாங்க் மாதிரி ஓடுற வண்டி. ஆர்ட்டின்னா பேஸ்ல புதர் பார்த்து நின்னு மேல இருந்து சுடுறதுதானே, அதுக்கு எதுக்கு இவ்ளோ வேகம், தப்பிச்சு ஓடவா, இல்ல முன்னாடி போய் சண்டை போடவான்னு புரியாம ரெண்டையும் ட்ரை பண்ணிட்டு, ரெண்டுலயும் செத்துட்டு, வண்டிய வித்துடுறாங்க. குறை வண்டில இல்ல. வேகம் எதுக்குன்னு கேம் எங்கயும் சொல்லித் தர்றதில்ல, அதுதான் விஷயம். அடிப்படைலருந்து பார்ப்போம்.

மொபைல்ல வர்ற பிளிட்ஸ் மட்டும் ஆடுறவங்களுக்கு ஒரு வார்த்தை: அங்க லைட், மீடியம், ஹெவி, டாங்க் டெஸ்ட்ராயர்னு நாலு கிளாஸ்தான். கீழ சொல்றது எல்லாம் பிசி கேம் பத்தி.

ஆர்ட்டின்னா கேம்ல என்ன

எஸ்பிஜின்னு மெனுல இருக்குற கிளாஸ்தான் ஆர்ட்டி. மத்த டாங்க் எல்லாம் எதிரிய நேரா பார்த்து சுடும், ஆர்ட்டி வானத்துல வளைச்சு சுடும். ஸ்கிரீன்ல மேல இருந்து மேப்ப பார்க்குற மாதிரி வியூ, அதுல ஒரு வட்டம், அதுதான் ரெட்டிகிள். நம்ம டீம்ல யாராவது எதிரிய ஸ்பாட் பண்ணியிருந்தா, அதாவது கண்டுபிடிச்சிருந்தா, அவன் எங்க இருந்தாலும் நமக்குத் தெரியும், நாம அவன நேர்ல பார்க்கணும்னு இல்ல. ஆர்ட்டியோட மொத்த பலமும் அதுதான், எதிர்ல இருக்குறவங்களுக்கு அதுமேல வர்ற மொத்த கோபமும் அதனாலதான்.

அந்தக் கோபத்துக்கு வரலாறு இருக்கு. ஒரு காலத்துல மேல் டியர் ஆர்ட்டி ஒரே ஷெல்லுல முழு ஹெல்த்தோட நிக்கிற வண்டிய தூக்கிடும். 2017ல வந்த 9.18 அப்டேட்ல அதை மாத்தினாங்க. டேமேஜ குறைச்சாங்க, ஸ்ப்ளாஷ் வட்டத்த (ஷெல் வெடிச்சா சுத்தி டேமேஜ் பரவுற இடம்) பெருசாக்கினாங்க, ஸ்டன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, ஒரு டீமுக்கு மூணு ஆர்ட்டிக்கு மேல கிடையாதுன்னு கட்டுப்பாடு போட்டாங்க. ஸ்டன்னா என்னன்னா, ஷெல் பக்கத்துல விழுந்தா உள்ள இருக்குற க்ரூ கொஞ்ச நேரத்துக்கு மந்தமாயிடுவாங்க, ரீலோட், எய்ம், வண்டி ஓட்டம், பார்வை தூரம் எல்லாமே குறையும். மெட்கிட் போட்டா சரியாகும். ஸ்டன் ஆன வண்டிய நம்ம ஆளுங்க அடிச்சா அதுல ஒரு பங்கு அசிஸ்டா நமக்கும் வரும். அப்புறம் 2021ல 1.13ல ஷெல் வகைகளையும் மாத்தி, ஆர்ட்டி சுட்ட ஷெல்லோட தடத்த (ட்ரேசர்) இன்னும் நல்லா தெரியுற மாதிரி ஆக்கினாங்க. இந்தக் கடைசி விஷயத்த ஞாபகம் வெச்சுக்கோங்க, ஒரே இடத்துல நிக்கிற ஆர்ட்டிக்கு இப்ப ஆயுசு கம்மியா இருக்குறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

தெரிஞ்சுக்க வேண்டிய மூணு வார்த்தை:

1. டிஸ்பெர்ஷன். 100 மீட்டர்ல ஷெல் எவ்ளோ விலகலாம்ங்கிற கணக்கு. சாதாரண டாங்குக்கு 0.4 பக்கத்துல இருக்கும், ஆர்ட்டிக்கு அதவிட ரொம்ப அதிகம். 0.8னு வெச்சுக்கிட்டா 500 மீட்டர்ல குறி வெச்ச இடத்தச் சுத்தி 4 மீட்டருக்குள்ள எங்க வேணா விழும், அதாவது ஒரு டாங்க் அகலத்தவிட பெரிய வட்டம். முழுசா எய்ம் பண்ணிட்டு சுட்டாலும் இதான் கணக்கு.

2. எய்ம் டைம். விரிஞ்ச ரெட்டிகிள் சுருங்குற வேகம். கராஜ்ல போட்டிருக்குற செகண்ட் முழுசா சுருங்க ஆகுற நேரம் இல்ல, பெரும்பங்கு சுருங்குறதுக்கு ஆகுற நேரம். முழுசாகணும்னா அதுக்கு மேலயும் காத்திருக்கணும்.

3. கன் ஆர்க். பாடி திரும்பாம பீரங்கி மட்டும் இடது வலது எவ்ளோ திரும்பும்னு சொல்றது. பெரும்பாலான ஆர்ட்டிக்கு சுத்துற டரட் கிடையாது. ஆர்க் தாண்டி எதிரி நகர்ந்தா பாடியே திரும்பணும், பாடி திரும்பினா ரெட்டிகிள் பலூன் மாதிரி விரிஞ்சிடும், எய்ம் மறுபடி ஆரம்பத்துலருந்து.

வேகம் வாங்கித் தர்றது கோணம்

இதுதான் இந்தக் கட்டுரையோட மையம், அதனால கொஞ்சம் நின்னு பார்ப்போம்.

ஆர்ட்டி ஷெல் வளைஞ்சு வந்தாலும் அது எந்த திசைலருந்து வருதோ அந்த திசைல இருக்குற சுவர், பாறை, மேடு எல்லாம் அதைத் தடுக்கும். ஹிம்மெல்ஸ்டார்ஃப் மேப்ப எடுத்துக்கோங்க, ஜெர்மன் டவுன் மாதிரி உயரமான கட்டடம், நடுவுல தெரு. ஒரு எதிரி ஹெவி கட்டட மூலைல ஒட்டி நின்னுக்கிட்டு, எட்டிப் பார்த்து ஒரு ஷாட் அடிச்சிட்டு பின்னால போயிடுறான். நீங்க கட்டடத்துக்கு இந்தப் பக்கம் இருக்கீங்க. மேல் வியூல அவன் மேல ரெட்டிகிள வெச்சா வட்டத்துல பாதி ரோட்டுல கிடக்கும், மீதி கூரை மேல ஏறி நிக்கும். சுட்டீங்கன்னா ஷெல் ஓட்டுல வெடிக்கும், அவனுக்கு ஒரு கீறல் கூட விழாது. நிறைய பேர் இங்க என்ன பண்றாங்கன்னா, வட்டம் இன்னும் சுருங்கட்டும்னு காத்திருந்து, மறுபடி சுட்டு, மறுபடி கூரைல வெடிச்சு, 'இந்த கேம் ஏமாத்துது'னு சாட்ல டைப் பண்றாங்க. வட்டம் எவ்ளோ சுருங்கினாலும் இடையில வீடு இருக்கே. அங்க தேவை எய்ம் இல்ல, இடம். அந்தத் தெருவுக்கு நீளவாக்குல ஒரு இடத்துக்கு நகர்ந்தா அதே ஹெவி திறந்தவெளில நிக்கிற மாதிரிதான், ஷெல் தெருவோடவே வந்து அவன் பக்கவாட்டுலயோ இன்ஜின் மேலயோ இறங்கும்.

கணக்கா பார்த்தா இன்னும் தெளிவாகும். எதிரி 500 மீட்டர் தள்ளி இருக்கான். நீங்க அவனுக்குக் குறுக்கா, அதாவது பக்கவாட்டுல நகர்றீங்க:

1. சராசரியா மணிக்கு 15 கிமீல நகர்ற கனமான ஆர்ட்டி 10 செகண்ட்ல சுமார் 42 மீட்டர் போகும். ஷெல் இறங்குற திசை 5 டிகிரிக்குள்ளதான் மாறும். கட்டட மூலைக்கு அது ஒண்ணும் பண்ணாது.

2. சராசரியா 40 கிமீல போற லைட் ஆர்ட்டி அதே 10 செகண்ட்ல 110 மீட்டர் போகும், கோணம் 12 டிகிரி மாறும்.

3. ரெண்டு ரீலோட் நேரத்துல இதையே திருப்பிச் செஞ்சா 220 மீட்டர், கிட்டத்தட்ட 24 டிகிரி. பாறைக்குப் பின்னாடி பத்திரமா இருக்கேன்னு நினைச்சவனுக்கு பக்கவாட்டு திறந்துடும்.

சாதாரண மேட்ச்ல பெரிய மேப்பே 1000 மீட்டருக்கு 1000 மீட்டர்தான். அதுல 220 மீட்டர்ங்கிறது சின்ன விஷயம் இல்ல. எதிரி தான் ஒளியுற இடத்த ஒங்க ஆர்ட்டி எங்க இருக்கும்னு ஒரு கணிப்பு வெச்சுதான் தேர்ந்தெடுக்குறான். அந்தக் கணிப்ப மேட்ச் நடுவுல பொய்யாக்குறதுதான் இந்த வண்டிகளோட வேலை. ஓடித் தப்பிக்கிறது ரெண்டாவது பயன், முன்னாடி போய் முட்டுறது பயனே இல்ல.

கோணம் மாறினா இன்னொரு லாபமும் இருக்கு, இதை யாரும் அதிகமா பேசுறதில்ல. ஹெவி டாங்குக்கு முன்பக்கம்தான் கவசம் தடிமன், பக்கமும் பின்னாடியும் மெல்லிசு. ஹெச்இ ஷெல்லோட (வெடிச்சு சேதம் பண்ற வகை) டேமேஜ் கவசத்தோட தடிமனப் பொறுத்துக் குறையும். அதனால ஒரே ஷெல், ஒரே டாங்க், முன்னாடி விழுந்தா கொஞ்சம்தான் போகும், பின்னாடி விழுந்தா நல்லா போகும். பக்கத்துல விழுந்தா செயின் அறுந்து நடுரோட்டுல நின்னுடுவான், மீதிய நம்ம டீம் பார்த்துக்கும்.

அந்த வேகத்துக்கு நாம குடுக்குற விலை

இலவசமா எதுவும் கிடைக்கல. நகர்ந்தா ரெட்டிகிள் விரியும், நின்னதும் சுருங்க ஆரம்பிக்கும், இதுக்கு நடுவுல எதிரி நகர்ந்துட்டா எல்லாம் வீண். லைட் ஆர்ட்டிக்கு கவசம்னு சொல்ல ஒண்ணும் கிடையாது, ஹெல்த்தும் கம்மி, ஒரு ஷாட் ரெண்டு ஷாட்ல கதை முடிஞ்சிடும். எதிரி ஆர்ட்டியோட ஷெல் பக்கத்துல விழுந்தாலே போதும்.

ஆகவே கேள்வி 'நகரணுமா வேணாமா'ன்னு இல்ல, ரீலோட் ஆகுற நேரத்துக்குள்ள நகர்ந்து முடிக்க முடியுமாங்கிறதுதான். ரீலோட் எப்படியும் ஓடிக்கிட்டுதான் இருக்கும், அந்த நேரத்துல நிக்கிறதும் ஓடுறதும் ஒண்ணுதான், சுட முடியாது. அந்த வீணாப் போற நேரத்ததான் இந்த வண்டி காசாக்குது. மெதுவான ஆர்ட்டியால அதை காசாக்க முடியாது, அவ்ளோதான் வித்தியாசம்.

ரீலோட் 20 செகண்ட்னு வெச்சுக்கிட்டா பிரிக்கிற விதம் இப்படி:

1. முதல் 2, 3 செகண்ட்: ஷெல் எங்க விழுதுன்னு பாருங்க. முன்னாடி விழுந்துதா, தாண்டி விழுந்துதா, சுவர்ல வெடிச்சுதா. சுவர்ல வெடிச்சா இடம் தப்பு, திறந்தவெளில விலகினா இடம் சரி, அதிர்ஷ்டம்தான் சரியில்ல. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சுட்டாலே பாதி ஆட்டம் வந்த மாதிரி.

2. அடுத்த 10 செகண்ட்: மேல் வியூவ விட்டுட்டு சாதாரண வியூக்கு வந்து ஓட்டுங்க. எங்க போகணும்னு சுடுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணியிருக்கணும், இப்ப யோசிச்சுக்கிட்டு நின்னா நேரம் போச்சு. போகும்போதே மினிமேப்புல எந்த எதிரி விளக்கு எரியுது, எது அணைஞ்சதுன்னு கண்ணு ஓடிக்கிட்டே இருக்கணும்.

3. கடைசி 7 செகண்ட்: வண்டிய நிறுத்துறதுக்கு முன்னாடியே மூக்க இலக்கு பக்கம் திருப்பிடுங்க. இது ரொம்ப ரொம்ப முக்கியம். நிறுத்திட்டு அப்புறம் பாடிய திருப்பினா ரெட்டிகிள் மறுபடி விரியும், நகர்ந்து சம்பாதிச்ச கோணத்த எய்ம் டைம்ல தொலைச்சுடுவீங்க.

ரெண்டு ஷாட்டுக்கு ஒரு தடவை நகர்ந்தா போதும்னு சிலர் சொல்வாங்க. ஒங்க முதல் ஷாட் நல்ல இடத்துல விழுந்து, எதிரி அங்கயே மாட்டிக்கிட்டு, ட்ரேசர பார்த்து குறி வைக்க எதிர்ல ஆர்ட்டி இல்லைன்னா சரி, நின்னு இன்னொண்ணு குடுங்க. மத்த நேரத்துல நகர்றதுதான் நல்லதுன்னு நான் நினைக்கிறேன். சும்மா வட்டம் சுத்துறது நகர்றது ஆகாது, புது கோணம் கிடைக்காத நகர்வு வீண் நகர்வு.

மூணு வண்டி, மூணு குணம்

வேகமா ஓடுதுங்கிறதுனால எல்லாத்தையும் ஒரே மாதிரி ஓட்டக் கூடாது.

எஃப்வி 304, பெர்ட்னு செல்லப் பேரு. சின்ன உருவம், நல்லா ஒளியும், ரீலோடு சீக்கிரம். ஷெல் செங்குத்தா மேல போய் செங்குத்தா கீழ இறங்கும், அதனால மத்த ஆர்ட்டியால தொட முடியாத வீட்டுக்குப் பின்னாடி, மேட்டுக்குப் பின்னாடி எல்லாம் பெர்ட் தொடும். பதிலுக்கு ரெண்டு பிரச்சனை. ஒண்ணு, ரேஞ்ச் கம்மி, பேஸ்ல நின்னா எதுவுமே எட்டாது, சண்டை எங்க நடக்குதோ அதுக்குப் பின்னாலயே நகர்ந்துக்கிட்டு இருக்கணும். புதுசா எடுக்குறவங்க இத தெரியாம மேட்ச்ல முதல் மூணு நிமிஷம் சும்மா நிப்பாங்க. இன்னொண்ணு, ஷெல் வானத்துல ரொம்ப நேரம் இருக்கும், ஓடுற வண்டிய அடிக்கணும்னு நினைக்கவே வேணாம். மூலைல மாட்டினவன், கேப் பண்ணிக்கிட்டு (பேஸ் வட்டத்துக்குள்ள நின்னு அதைப் பிடிச்சுக்கிட்டு) இருக்குறவன், செயின் அறுந்தவன், ரீலோடுக்காக பின்வாங்கி நிக்கிறவன், இவங்கதான் பெர்ட்டோட ஆளுங்க. ஒரு ஷாட் டேமேஜ் கம்மியா இருக்கேன்னு வருத்தப்படாதீங்க, எண்ணிக்கைல எடுத்துடலாம்.

ஏஎம்எக்ஸ் 13 எஃப்3 வேற மாதிரி. 155 மிமீ பீரங்கிய ஒரு குட்டி பாடி மேல தூக்கி வெச்ச வண்டி, ஓட்டம் நல்லா இருக்கும், குறியும் பரவாயில்ல. கன் ஆர்க்தான் ஒல்லி. எதிரி நாலு அடி நகர்ந்தாலே பாடிய திருப்ப வேண்டி வரும். இதை ஓட்டும்போது பரந்த ஏரியாவ கவர் பண்ண நினைக்காதீங்க. ஒரு தெரு, ஒரு பள்ளம், ஒரு மூலைன்னு ஒரே இடத்தத் தேர்ந்தெடுத்து, அதை நேரா பார்க்குற மாதிரி நிறுத்தி, அங்க ஆள் வர்ற வரைக்கும் எய்ம்ல இருங்க. நாலா பக்கமும் மூக்க திருப்பிக்கிட்டே இருந்தா மேட்ச் முடியுற வரைக்கும் ரெட்டிகிள் சுருங்கவே சுருங்காது.

பேட்சாட் 155 55, 58 ரெண்டுக்கும் இந்த ஆர்க் தொல்லை இல்ல, டரட் முழுசா சுத்தும். டியர் 10ல இருக்குற 58ல ஷெல் ட்ரம் வேற உண்டு, அடுத்தடுத்து சில ஷெல் போட்டுட்டு அப்புறம் நீளமா ரீலோட் பண்ணும். அந்த நீளமான ரீலோட் நேரம் முழுக்க ஒங்களுது, மேப்போட ஒரு மூலைலருந்து இன்னொரு மூலைக்கே போயிடலாம். வேகத்தால அதிகமா பலன் எடுக்குற ஆர்ட்டி இதுதான்னு என் கருத்து. ட்ரம்ம அவசரமா கொட்டினா மட்டும் பாதி மண்ணுக்குத்தான் போகும், ஏன்னா ஒவ்வொரு ஷாட்டுக்கு அப்புறமும் ரெட்டிகிள் விரியும், ட்ரம் சீக்கிரம் வருதுங்கிறதுக்காக அது சீக்கிரம் சுருங்காது.

நடுவுல வர்ற லொரேன் 155 50, 51 ரெண்டும் எஃப்3 பழக்கத்தோட ஓட்டலாம், தனியா சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல.

நிஜத்துல இந்த யோசனை எங்கருந்து வந்தது

இந்த வண்டிகள் எல்லாம் கேம்காரங்க கற்பனை இல்ல. ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மன்காரங்க பழசாப் போன பான்சர் 2 பாடில 105 மிமீ ஹவிட்சர் வெச்சு வெஸ்பென்னு ஒரு வண்டி செஞ்சாங்க, 11 டன்தான், 1943லருந்து களத்துல இருந்துச்சு. காரணம் ரொம்ப எளிமை: குதிரையோ லாரியோ இழுத்துக்கிட்டு வர்ற பீரங்கியால டாங்க் படை கூட ஓட முடியல. இருக்குற லேசான பாடில பீரங்கிய ஏத்திட்டா கூடவே ஓடும்.

பிரெஞ்சு எஃப்3 அந்த யோசனைய கடைசி எல்லைக்கே கொண்டு போனது. 1960கள்ல சேவைக்கு வந்துச்சு, 17 டன் சொச்சம், மணிக்கு 60 கிமீ ஓடும், 155 மிமீ பீரங்கி. ஆனா அவ்ளோ சின்னதா செஞ்சதுல வண்டில ஷெல் வைக்கவே இடம் இல்ல! ரெண்டு பேர்தான் அதுல ஏறிப் போக முடியும், மீதி க்ரூவும் ஷெல்லும் பின்னாடி இன்னொரு வண்டில வரும். சுடுறதுக்கு முன்னாடி பின்பக்கம் இருக்குற ரெண்டு இரும்பு மண்வெட்டிய தரைல ஊன்றணும், இல்லைன்னா உதைப்புல வண்டி நகர்ந்துடும். நிஜத்துல அது 20 கிமீ தூரம் அடிச்ச பீரங்கி, கேம்ல மொத்த மேப்பும் ஒரு கிமீ. மண்வெட்டி ஊன்றுற நேரமோ ஷெல் வண்டி வர்ற நேரமோ கேம்ல கிடையாது, அதுக்குப் பதிலாத்தான் எய்ம் டைமும் ரெட்டிகிள் விரியுறதும் இருக்குன்னு எடுத்துக்கிட்டா பல விஷயம் புரிஞ்சிடும்.

இன்னிக்கு நிலைமையும் அதேதான். பறந்து வர்ற ஷெல்ல ரேடார்ல பார்த்து அது எங்கருந்து கிளம்புச்சுன்னு கணக்கு போட்டு அந்த இடத்த அடிக்கிறாங்க. அதனாலதான் பிரான்ஸ் செஞ்ச சீசர் மாதிரி லாரி மேல வெச்ச பீரங்கிக்கு மதிப்பு, 2022லருந்து உக்ரைன்ல அது களத்துல இருக்கு, சுட்டதும் இடத்த காலி பண்றதுதான் அதோட பாதுகாப்பு. கேம்ல ரேடார் வேலைய ட்ரேசர் செய்யுது. எதிரி ஆர்ட்டி மேல் வியூல இருக்கும்போது ஒங்க ஷெல்லோட கோடு அவன் ஸ்கிரீன்ல தெரிஞ்சா, கோட்டப் பின்னால பிடிச்சுக்கிட்டு வந்தா நீங்கதான். அவன் ஷெல் வந்து விழுறப்ப நீங்க 100 மீட்டர் தள்ளி இருந்தா அது வெறும் மண்ணு.

ஒளிஞ்சிருக்கிறதுக்கு நாலு நம்பர்

வேகம் இருக்குங்கிற தைரியத்துல நிறைய பேர் இத விட்டுடுறாங்க.

1. 50 மீட்டர். இதுக்குள்ள வந்தா புதர், சுவர், எதுவா இருந்தாலும் ஸ்பாட் ஆயிடும். ஒளிஞ்சு நின்னு லைட் டாங்க் தாண்டிப் போகட்டும்னு காத்திருக்குற கணக்கு இதுல உடையும்.

2. 445 மீட்டர். இதுக்கு மேல எந்த டாங்காலயும் ஒங்கள நேரா ஸ்பாட் பண்ண முடியாது. மினிமேப்புல எதிரிக்கும் ஒங்களுக்கும் இந்த தூரம் இருக்குற வரைக்கும் தைரியமா திறந்தவெளில ஓட்டலாம். அதுக்குள்ள வந்துட்டா புதர் விட்டு புதர்தான்.

3. 15 மீட்டர். சுடும்போது இந்த தூரத்துக்குள்ள இருக்குற புதர் ஒங்கள மறைக்காது. புதருக்குள்ளயே மூக்க விட்டு சுடுறவங்க எல்லாம் ஸ்பாட் ஆகுறது இதனாலதான். புதர்லருந்து 15 மீட்டருக்கு மேல பின்னால தள்ளி நின்னு சுடுங்க, சுட்டுட்டு முன்னால வந்து புதர்ல ஒட்டிக்கலாம். இந்த முன்ன பின்ன ஆட்டத்துக்கு லைட் ஆர்ட்டி அருமையா பொருந்தும்.

4. 3 செகண்ட். கேமோ நெட் (வண்டிய மறைக்கிற வலை) போட்டிருந்தா, நின்ன பிறகு இவ்ளோ நேரம் கழிச்சுதான் அது வேலை செய்யும். அடிக்கடி நகர்ற வண்டிக்கு அதோட பலன் குறைவு. அந்த இடத்துல கன் லேயிங் டிரைவ் மாதிரி எய்ம குறைக்கிற சாமான் போடுறதுதான் சரின்னு படுது. ரீலோட சீக்கிரமாக்குற ரேம்மர் எப்படியும் வேணும்.

க்ரூ ஸ்கில் பத்தி நீளமா சொல்ல ஒண்ணும் இல்ல. கேமோ முதல்ல, அப்புறம் டிரைவருக்கு பாடி சீக்கிரம் திரும்புற ஸ்கில்லும், கரடுமுரடுல ஓடுற ஸ்கில்லும். எஃப்3க்கு பாடி திரும்புறது கேமோவுக்கு முன்னாடியே எடுத்தாலும் தப்பில்ல.

வேட்டைக்கு லைட் டாங்க் வந்துட்டா

2019ல சக்கர வண்டிகள் வந்ததுக்கு அப்புறம் ஆர்ட்டி வேட்டை ரொம்ப சுலபமாயிடுச்சு. மணிக்கு 90 கிமீ தாண்டி ஓடுற இபிஆர்ங்கிற சக்கர வண்டி கிட்ட 60 கிமீ ஆர்ட்டி ரேஸ் ஓடி ஜெயிக்காது. முதுகக் காட்டிக்கிட்டு ஓடுறதுதான் எல்லாரும் செய்ற தப்பு.

ஒங்க வேகத்த வேற விதமா பயன்படுத்துங்க. எதிரி லைட் டாங்க் கடைசியா மினிமேப்புல எந்தப் பக்கம் தெரிஞ்சுதுன்னு கவனிச்சு, அவன் வந்து சேர்றதுக்கு முன்னாடியே நம்ம டாங்க் டெஸ்ட்ராயர் ஏதாவது நிக்கிற இடத்துக்குப் பக்கத்துல போயிடுங்க. மெதுவான ஆர்ட்டிக்கு இந்த வசதி இல்ல. அதுக்கும் நேரம் இல்லைன்னா மேல் வியூவ விட்டுட்டு சாதாரண வியூக்கு வாங்க, ஒரு வீட்டு மூலைய பார்த்து, பீரங்கி அந்த மூலைய நோக்கி இருக்குற மாதிரி ரிவர்ஸ்ல போய் நில்லுங்க. அவன் மூலைய திரும்பினதும் 10, 15 மீட்டர்ல சுட்டா டிஸ்பெர்ஷன் எல்லாம் கணக்குலயே வராது, லைட் டாங்குக்கு 155 மிமீ ஷெல் ஒண்ணு போதும். ஒரே ஒரு சான்ஸ்தான், அவன் ஒங்க பின்பக்கம் சுத்திட்டா முடிஞ்சது. பெர்ட் மட்டும் இதுல கொஞ்சம் கஷ்டம், ஷெல் மெதுவா போகும், இன்னும் கிட்ட வரணும்.

மேட்ச் கடைசி மூணு நிமிஷம்

லைட் ஆர்ட்டி தன் மதிப்ப முழுசா காட்டுறது இங்கதான், ஆனா நிறைய பேர் அதுக்கு உயிரோட இருக்குறதில்ல.

நம்ம பக்கம் மூணு வண்டி, அவங்க பக்கம் நாலு. எதிரி ஒருத்தன் நம்ம பேஸ் வட்டத்துக்குள்ள போய் உக்காந்துட்டான், கேப் ஓட ஆரம்பிச்சிடுச்சு. ஒரு ஆள் கேப் பண்ணா செகண்டுக்கு ஒரு பாயிண்ட், 100 வந்தா தோல்வி. நம்ம ஹெவி ரெண்டும் மேப்போட அந்தக் கோடில, வர முடியாது. கேப் பண்றவன அடிச்சு டேமேஜ் பண்ணிட்டா அவன் சேர்த்த பாயிண்ட் போயிடும், அதனால அவன் பொதுவா வட்டத்துக்குள்ள ஏதாவது வீடோ பாறையோ பார்த்து அதை ஒட்டி நிப்பான். நீங்க இப்ப இருக்குற இடத்துலருந்து பார்த்தா அந்த வீடு நடுவுல நிக்குது. மெதுவான ஆர்ட்டியா இருந்தா இங்கயே ஆட்டம் முடிஞ்சது, கூரைல ரெண்டு ஷெல் வெடிச்சிட்டு தோத்துடும்.

லைட் ஆர்ட்டில ஒங்க கைல 100 செகண்ட் இருக்கு. 20 செகண்ட் ஓடுங்க, 200 மீட்டருக்கு மேல போயிடலாம், வீட்டோட திறந்த பக்கம் தெரியும். 10 செகண்ட் எய்ம். நேரா அடிக்கணும்னு கூட இல்ல, ஸ்ப்ளாஷ்ல டேமேஜ் விழுந்தாலே அவன் பாயிண்ட் சைபர்லருந்து ஆரம்பிக்கணும். முதல் ஷெல் தப்பினாலும் கேப் 40, 50 பக்கத்துலதான் ஓடிக்கிட்டிருக்கும், இன்னொரு ரீலோடுக்கு நேரம் இருக்கு. ஸ்டன் ஷெல் போட்டிருந்தா இன்னும் நல்லது, வட்டத்த விட்டு வெளிய வந்து ஒங்கள தேடி வரும்போதே அவன் மந்தமாத்தான் வருவான். அவன் ட்ரேசர பார்த்து ஒங்க இடத்த நோக்கிக் கிளம்பினதும் கேப் தன்னால நின்னுடும். அப்ப நீங்க திரும்பி அவன் கூட சண்டைக்கு நிக்காதீங்க, நம்ம ஹெவி எந்தப் பக்கம் வந்துக்கிட்டிருக்கோ அந்தப் பக்கம் அவன இழுத்துக்கிட்டு போங்க.